ஊர்ப் பேரும் வசைப் பேரும்

(திட்டக்குடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேசப் போவது சுவாமியைப் பற்றியோ, சாஸ்திரத்தைப் பற்றியோ, தேர்தலைப் பற்றியோ அல்ல. நம்முடைய வாயில் தினமும் புழங்குகிற சில ஊர்ப் பேர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். ஊருக்குப் பேர் வைப்பது அதை அடையாளம் கண்டுகொள்வதற்காக. அதற்கு வேறு வேலை கிடையாது. ஆனால் நாளடைவில் அந்தப் பேர் ஊரை விட்டுப் புறப்பட்டு ஒரு பண்டத்தின் மேலோ, ஒரு நோயின் மேலோ, ஒரு மனிதன் மேலோ போய் உட்கார்ந்து கொள்ளுகிறது. பண்டத்தின் மேல் உட்கார்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மனிதன் மேல் உட்கார்ந்தால் அவன் மானத்தை வாங்குகிறது. சில சமயம் உயிரையே வாங்கிவிடுகிறது. எப்படி என்று எனக்குத் தெரிந்தவரையில் சொல்லுகிறேன். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் உங்கள் ஊர்ப் பேரையே எடுத்துக்கொள்ளுவோம். தலபுராணக்காரர்களைக் கேட்டால் வசிஷ்டர் இங்கே வந்து குடியிருந்தார், அதனால் வதிட்டகுடி, அது தேய்ந்து திட்டக்குடி என்கிறார்கள். திட்டு என்றால் ஆற்றோரத்து மேடு. குடி என்றால் ஜனங்கள் குடியிருக்கும் இடம். வெள்ளாற்றங்கரையில் மேடாக இருந்த இடத்தில் ஜனங்கள் குடியேறினார்கள் என்று சொன்னால் புத்திக்குப் பொருந்துகிறது. அதற்கு ஒரு ரிஷி வரவேண்டிய அவசியமில்லை. பக்கத்தில் விருத்தாசலம். அதன் பழைய பேர் முதுகுன்றம், பழமலை. யாருக்கும் விளங்கக்கூடிய தமிழ்ப் பேர். அதை அப்படியே வடமொழியில் பெயர்த்து விருத்தாசலம் ஆக்கி, அர்த்தம் தெரியாதபடி செய்து வைத்திருக்கிறார்கள். நிற்க.

இந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு என்ன பேர்? மல்லாட்டை. சென்னையில் போய் மல்லாட்டை என்று கேட்டால் சிரிக்கிறான். பட்டிக்காட்டு வார்த்தை என்கிறான். மல்லாட்டை என்பது மணிலாக் கொட்டை. மணிலா பிலிப்பைன்ஸ் தேசத்தின் தலைநகரம். அந்தச் செடியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. ஸ்பெயின்காரன் 1565 முதல் 1815 வரையில் மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே கப்பல் விட்டுக்கொண்டிருந்தான். அந்தத் துறைமுகத்தின் பேரோடு சேர்ந்து வந்த கொட்டையை நம் குடியானவன் மணிலாக் கொட்டை என்றான். அவன் பேத்தி மல்லாட்டை என்றாள். ஆகவே சிரிக்கிற பட்டணத்தானுடைய வேர்க்கடலையைவிட உங்கள் மல்லாட்டைக்குத்தான் உலக ஞானம் அதிகம்.

பரங்கிக்காயும் அப்படித்தான். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த காய். ஐரோப்பாவில் பிராங்கு என்று ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். பிரான்ஸ் தேசத்துக்குப் பேர் வந்ததும் அவர்களாலேதான். அரபிக்காரனும் பாரசீகக்காரனும் ஐரோப்பாவிலிருந்து வந்த எல்லோரையும் அந்தப் பேராலேயே அழைத்தார்கள். அது நம்மிடம் வந்து பரங்கியாயிற்று. அவன் வியாபாரம் செய்த துறை பரங்கிப்பேட்டை. அவன் இருந்த மலை பரங்கிமலை. அவன் கொண்டுவந்த காய் பரங்கிக்காய். வெள்ளைக்காரன் போய்விட்டான், காய் இருக்கிறது. கூட்டு வைத்துச் சாப்பிடுகிறோம். யாருக்கும் ரோசம் வரவில்லை.

சீனா தேசத்தின் சமாச்சாரம் இன்னும் வேடிக்கை. வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்று பேர். அது வடக்கே இருந்து வந்த வார்த்தை. சீனத்துச் சரக்கு என்று அர்த்தம். கற்கண்டுக்கு வடநாட்டில் மிஸ்ரி என்று பேர்; எகிப்து தேசத்துச் சரக்கு என்று அர்த்தம். பீங்கானுக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பேரே சைனா. விருத்தாசலத்தில் ஜாடியும் பொம்மையும் மின்சாரப் பீங்கானும் செய்கிறார்களே, அந்தத் தொழிலுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண்ணுக்கு உலகமெங்கும் கயோலின் என்று பேர். அதுவும் ஒரு ஊர்ப் பேர்தான். சீனாவில் சிங்தெசென் என்ற பீங்கான் பட்டணத்துக்குப் பக்கத்தில் கௌலிங் என்று ஒரு குன்று இருக்கிறது. அங்கே வெட்டின மண்ணைப் பற்றி ஒரு பிரெஞ்சுப் பாதிரி 1712-இல் தன் தேசத்துக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து ஐரோப்பா முழுவதும் அந்தப் பேர் பரவிற்று. கௌலிங் என்றால் உயர்ந்த குன்று என்று அர்த்தமாம். உயர்ந்த குன்று என்று பேருள்ள மண்ணை முதிய குன்று என்று பேருள்ள ஊரில் குழைத்துச் சுடுகிறார்கள். இதை எந்தத் தலபுராணத்திலும் எழுதவில்லை!

ஆனால் பாருங்கள், ஒரு காலத்தில் சீனா என்றால் உயர்ந்த சரக்கு என்று அர்த்தம். இன்றைக்குக் கடைத்தெருவில் "சைனா செட்டு" என்றால் இரண்டு நாளில் கெட்டுப்போகிற போலி என்று அர்த்தம். அதே போல ஒரு காலத்தில் சீமை என்றால் மேலானது, நாட்டு என்றால் மட்டமானது. சீமைத்துணி கட்டியவன் துரை. நாட்டுப்புறத்தான் என்றால் முட்டாள். இன்றைக்கோ நாட்டுக்கோழி முட்டைக்குத்தான் விலை கூடுதல். சீமைக்கு மிஞ்சியது கருவேல முள் ஒன்றுதான். கோழியும் மாறவில்லை, தேசமும் இடம் பெயரவில்லை. யார் கையில் பணமும் அதிகாரமும் இருக்கிறதோ அவன் ஊர்ப் பேருக்கு மதிப்பு வருகிறது. அது கைமாறினால் மதிப்பும் கைமாறுகிறது. இந்தச் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இனி மனிதர்களுக்கு வருவோம். நேபாளத்தில் கோர்க்கா என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. ஒரு ராஜ்யத்தையே கட்டி ஆண்ட வம்சத்தின் ஊர் அது. நம் ஊரில் கூர்க்கா என்றால் என்ன? இராத்திரியில் தடியைத் தட்டிக்கொண்டு விசில் ஊதிப் போகிற காவல்காரன். அவன் சொந்தப் பேரைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

வடக்கே போனால் நாம் எல்லோரும் மதராஸி. கன்னடக்காரன், தெலுங்கன், மலையாளி, தமிழன் எல்லோருக்கும் அந்த ஒரே பேர். சென்னை ராஜ்யம் 1969-இல் தமிழ்நாடு ஆயிற்று. மதராஸ் பட்டணம் 1996-இல் சென்னை ஆயிற்று. மதராஸ் போய்விட்டது, மதராஸி போகவில்லை. நமக்குக் கோபம் வருகிறது, நியாயந்தான். ஆனால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நம் ஊருக்குக் கட்டட வேலைக்கும் சூளை வேலைக்கும் வருகிறவனை நாம் என்ன சொல்லுகிறோம்? வடக்கன் என்கிறோம். ஒரு திசையையே வசையாக்கிவிட்டோம்! தன்னை மதராஸி என்றால் கோபித்துக்கொள்ளுகிறவனுக்கு இன்னொருவனை வடக்கன் என்று சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது?

துருக்கியர் என்பது எங்கோ ஆசியாவின் நடுவில் இருந்து வந்த ஓர் இனத்தின் பேர். அது தமிழில் துலுக்கன் ஆகி, பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் பரம்பரையாகத் தமிழ் பேசிப் பிழைக்கிற நம் சகோதரன் மேல் ஏறிற்று. அவன் துருக்கியைக் கண்டானா, அவன் பாட்டன் கண்டானா? சோனகர் என்ற பேரைப் பாருங்கள். கிரேக்கத்து அயோனியா என்ற பிரதேசத்தின் பேர் யவனமாகி, யவனம் சோனகமாகி இருக்கிறது என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். இலங்கையில் அதை முஸ்லிம் மக்கள் தங்கள் பேராகவே ஏற்றுக்கொண்டார்கள். அங்கே ஜனத்தொகைக் கணக்கிலும் இலங்கைச் சோனகர் என்றே இருக்கிறது. தானே ஏற்றுக்கொண்ட பேர் ஒருவனுக்கு உறுத்துவதில்லை.

மலேயாவிலே நம்மவர்களுக்குக் கிளிங் என்று பேர். அது கலிங்க தேசத்தின் பேர். முன் காலத்தில் அதில் குற்றம் எதுவும் இல்லை. பினாங்கில் 1801-இல் தோன்றிய பெரிய பள்ளிவாசலுக்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று பேர். இந்தியர்களின் தலைவர் கட்டினது என்று மரியாதையாகச் சொன்ன பேர். அதன் பிறகு வெள்ளைக்காரன் நம் ஜனங்களை ரப்பர்த் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் கூலிகளாக ஆயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போனான். மரியாதைப் பேர் வசைப் பேராயிற்று. இன்று அங்கே ஒரு தமிழனை அப்படிக் கூப்பிட்டால் சண்டை வரும். கலிங்கம் என்ன பாவம் செய்தது? ஆளைக் கூலியாக்கினார்கள், கூடவே பேரும் கூலியாயிற்று.

இலங்கை மலைநாட்டிலும் இதே கதைதான். காட்டை வெட்டிக் காப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் உண்டாக்கிய தமிழனுக்குக் கிடைத்த பட்டம் தோட்டக்காட்டான். அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்களில் தமிழர்களும் உண்டு என்பதை வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. அந்த ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே ஒரு பேர் வைத்துக்கொண்டார்கள்: மலையகத் தமிழர். தோட்டம் முதலாளியுடையது, மலை எங்களுடையது என்று சொல்லுகிற பேர் அது. இதற்குப் பேர்தான் சுயமரியாதை.

நம் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுக்கு வெளியே நேர்ந்த அநியாயம் உங்களில் அநேகருக்குத் தெரிந்திருக்காது. கும்பகோணம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? வெற்றிலை, பாத்திரம், டிகிரி காப்பி. கணித மேதை ராமானுஜன் வளர்ந்து படித்த ஊர். கேரளத்துப் பத்திரிகையைப் புரட்டிப் பாருங்கள். மலையாளத்தில் கும்பகோணம் என்றால் ஊழல் என்று அர்த்தம்! சுவீடன் தேசத்துக் கம்பெனியின் பீரங்கி பேரம் 1987-இல் வெளிப்பட்டபோது அங்கே அது போபர்ஸ் கும்பகோணம். அதற்குப் பின் வந்த மோசடி வழக்குகளும் அங்கே கும்பகோணந்தான். பீரங்கி விற்றவன் சுவீடன்காரன், வாங்கினது டில்லி சர்க்கார், கெட்ட பேர் மட்டும் காவேரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலில் நிற்கிற குடியானவனுக்கு! மலையாளிகள் நம்மீது கோபத்தால் இதைச் சொல்லுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். சொல்லுகிற பத்திரிகைக்காரருக்கு அது ஒரு ஊர் என்ற ஞாபகமே வருவதில்லை. பழக்கம் அவ்வளவு பொல்லாதது. அவரைச் சொல்லிக் குற்றமென்ன? தலையை ஆட்டுகிறவனைத் தஞ்சாவூர்ப் பொம்மை என்று நாம் சொல்லும்போது தஞ்சாவூர்க்காரனை நினைக்கிறோமா?

சிதம்பர ரகசியம் என்று சொல்லுகிறோமே, அது ஒன்றுதான் எனக்குப் பிடித்த வார்த்தை. நம் ஜில்லா ஊர்ப் பேர் ஒன்று தமிழ்நாடு முழுவதும் வழங்குகிறது. திரையை விலக்கினால் வெறும் வெளி, அதன் மேல் தொங்குகிற தங்க வில்வமாலை. உள்ளே ஒன்றுமில்லாததைப் பெரிய இரகசியமாகக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தையை நம்முடைய இயக்கத்தார்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது.

தோழர்களே! இதுவரையில் சொன்னது வெளியூர்க் கதை. இனி நம் வீட்டுக்கு வருவோம். ஊர் என்ற வார்த்தையையே பாருங்கள். நம் கிராமங்களில் ஊர் என்றால் எல்லோரும் இருக்கும் இடமா? இல்லை. "ஊர்த் தெரு" ஒன்று, "காலனி" ஒன்று. அதே ஊரில் பிறந்து, அதே ஊர் நிலத்தில் நாற்று நட்டு, அதே ஊர் மண்ணில் புதைக்கப்படுகிறவன் ஊர்க்காரன் அல்ல! இந்த அக்கிரமத்தை நாம் தினமும் வாயால் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், உறைப்பதே இல்லை.

முன்னே அதற்குச் சேரி என்று பேர். சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில், பிராமணர்கள் குடியிருந்த அந்த ஊரின் பகுதிகளுக்கே சேரி என்றுதான் பேர். அதில் இழிவு எதுவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்கு வந்தால் தீண்டாச்சேரி என்று தனியாக ஒன்று வந்துவிடுகிறது. பிறகு முன்னால் இருந்த "தீண்டா" என்பதை எழுதவே வேண்டியிராமல் போயிற்று. சேரி என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது.

சேரி என்றால் இழிவாக இருக்கிறது என்று காலனி என்ற வார்த்தை வந்தது. சர்க்கார் வீடு கட்டிக் கொடுத்துக் காலனி என்று பலகை வைத்தது. இந்த வார்த்தை ரோமாபுரியார் பாஷையிலிருந்து வந்தது. புதிதாகக் குடியேறிய இடம் என்று அர்த்தம். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் ரோமாபுரியார் அமைத்த ஒரு காலனிதான் கொலோன் என்ற பட்டணம். அங்கே செய்த வாசனைத் தண்ணீருக்கு அந்த ஊரின் பேராலேயே ஓ-டி-கொலோன் என்று பேர் வந்தது. காய்ச்சல்காரன் நெற்றியில் நனைத்துப் போடுவோமே, அதுதான். ஆக, ஒரே வார்த்தை ஜெர்மனியில் வாசனையாயிற்று. நம் ஜில்லாவில் வசையாயிற்று. ஜெர்மனி வரை போவானேன்? நம் பட்டணங்களிலேயே ரயில்வே காலனி இருக்கிறது, டீச்சர்ஸ் காலனி இருக்கிறது, டில்லியில் பணக்காரர்கள் இருக்கும் டிபன்ஸ் காலனி இருக்கிறது. அங்கே இருக்கிறவனைக் "காலனிக்காரன்" என்று யாராவது ஏசுகிறார்களா? ஆகவே அழுக்கு வார்த்தையில் இல்லை. ஏசுகிறவன் மனத்தில் இருக்கும் அழுக்கை வார்த்தையின் மேல் துடைக்கிறான்.

தமிழ்நாடு சட்டசபையில் 2025 ஏப்ரல் 29-ந் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள், காலனி என்ற சொல் அரசாங்க ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்ல காரியம், நாம் வரவேற்கிறோம். ஆனால் பலகையில் நகர் என்று மாற்றி எழுதிவிட்டு, சுடுகாட்டுப் பாதை தனி, தேர் போகும் தெரு தனி என்று வைத்திருந்தால் என்ன ஆகும்? பத்து வருஷத்தில் நகர் என்பதும் வசையாகிவிடும். அதற்குப் பின் வேறு வார்த்தையைத் தேட வேண்டியதுதான். எத்தனை வார்த்தைகளை இப்படிக் கெடுப்பது?

ஊர்ப் பேரை வைத்தே மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட கதையும் நம்மிடம் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானித்தார்கள். பேருக்குப் பின்னால் இருந்த வால் அறுந்தது. முன்னால் என்ன போட்டார்கள்? ஊரைப் போட்டார்கள். ஈரோட்டு இராமசாமி, பட்டுக்கோட்டை அழகிரி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். ஊரைச் சொன்னால் ஜாதி தெரியாது. பிறந்த மண் மட்டும் தெரியும். இந்தியாவில் வேறு எந்த மாகாணத்திலும் ஜாதி வால் இவ்வளவு அறவே ஒழியவில்லை.

இப்போது, நான் முக்கியமாகச் சொல்ல வந்த சங்கதிக்கு வருகிறேன். அது நோயைப் பற்றியது.

நோய்க்கு ஊர்ப் பேரை வைப்பது மனிதனுக்குப் பழைய வியாதி. மேகப்புண் ஐரோப்பாவில் 1495 வாக்கில் பரவிற்று. இத்தாலிக்காரன் அதைப் பிரெஞ்சு நோய் என்றான். பிரெஞ்சுக்காரன் நேப்பிள்ஸ் நோய் என்றான். ருஷ்யாக்காரன் போலந்து நோய் என்றான். நம்மவர்கள் பரங்கிப்புண் என்றார்கள். எவனும் இது எனக்கு வந்த நோய் என்று சொல்லவில்லை! உலக யுத்தத்தின்போது 1918-இல் பரவிக் கோடிக்கணக்கான பேரைக் கொன்ற ஜுரத்துக்கு ஸ்பானிஷ் புளூ என்று பேர். அது ஸ்பெயினில் பிறந்ததல்ல. சண்டை போட்ட தேசங்களெல்லாம் பத்திரிகையில் நோய்ச் சேதி வராதபடி அடக்கி வைத்தன. சண்டையில் சேராத ஸ்பெயினில் பத்திரிகைகள் உள்ளதை உள்ளபடி எழுதின. உண்மையைச் சொன்னவன் தலையில் நோயைக் கட்டினார்கள்.

இந்தக் கெட்ட வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015 மே மாதத்தில் ஒரு விதி செய்தது. புது நோய்க்கு ஊர்ப் பேரோ, தேசத்தின் பேரோ, மனிதர் பேரோ வைக்கக்கூடாது என்பதே அது. அதன்படிதான் 2020 பிப்ரவரி 11-ந் தேதி புதுக் கொள்ளை நோய்க்குக் கோவிட்-19 என்று வெறும் எழுத்தும் எண்ணுமாகப் பேர் வைத்தார்கள். அப்படியும் சீனா வைரஸ் என்று பெரிய மனிதர்களே பேசினார்கள். நம் தேசத்துப் பட்டணங்களில் மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகளைத் தெருவில் பார்த்துக் "கொரோனா" என்று கூவினார்கள். முக ஜாடைதான் அவர்கள் செய்த குற்றம்.

உடம்பு நோய்க்கே இப்படியென்றால் மன நோய்க்கு எப்படி இருக்கும்? சென்னையிலே கீழ்ப்பாக்கம் என்று ஒரு பகுதி. பாக்கம் என்றால் ஊர். 1871-இல் அங்கே வெள்ளைக்கார சர்க்கார் ஒரு பெரிய தோட்டத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வைத்தது. அதிலிருந்து தமிழ்நாடு முழுவதும் "கீழ்ப்பாக்கம் கேசு" என்ற வார்த்தை பரவிற்று. அதே கீழ்ப்பாக்கத்தில் 1914 முதல் சென்னைக்குக் குடிதண்ணீர் சுத்தம் செய்து அனுப்பும் நிலையம் இருக்கிறது. 1960 முதல் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. தண்ணீரைக் குடித்தவன் யாரும் சுத்தமானதற்குக் கீழ்ப்பாக்கம் என்று பேர் வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை கணக்குத் தப்பாகப் போட்டால் வாத்தியார் சொல்லுகிறார்: கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும். சினிமாவில் சிரிப்புக்காரன் சொல்லுகிறான், ஜனங்கள் கை தட்டுகிறார்கள்.

இது நம்மிடம் மட்டும் இருக்கிற குணம் அல்ல. மலையாளிக்குக் குதிரவட்டமும் ஊளம்பாறையும், இலங்கையில் அங்கொடை, வடநாட்டானுக்கு ஆக்ராவும் ராஞ்சியும். இங்கிலீஷ்காரன் எல்லோருக்கும் மூத்தவன். இலண்டனில் 1247-இல் பெத்லகேம் மாதா மடம் என்று ஒன்றைக் கட்டினார்கள். அது பிறகு பைத்தியக்கார விடுதியாயிற்று. பெத்லகேம் என்பது வாய்ப் பேச்சில் பெட்லம் ஆயிற்று. இன்று இங்கிலீஷில் பெட்லம் என்றால் கூச்சல், குழப்பம். 18-ஆம் நூற்றாண்டில் அந்த விடுதிக்கு நோயாளிகளை வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஜனங்கள் போனார்கள். ஏசுநாதர் பிறந்ததாகச் சொல்லும் ஊரின் பேரையே, அவரைக் கும்பிடுகிறவர்கள் பைத்தியக் கூச்சலுக்குப் பேராக வைத்துவிட்டார்கள். பக்திகூட அந்தப் பேரைக் காப்பாற்றவில்லை!

கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரிக்கு 1922-இல் மனநோய் ஆஸ்பத்திரி என்று பேரை மாற்றினார்கள். இன்றைக்கு அது மனநலக் காப்பகம். உத்தியோகப் பேர் மாறிக்கொண்டே வந்தது. ஊர் வாய் மாறவில்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது, சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என்ன கெட்டது என்று சொல்லுகிறேன். ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தூக்கம் வரவில்லை, காதில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள், சாப்பிட மறுக்கிறாள். காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போவார்கள். இதற்குப் போனால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்லுவார்கள்? கீழ்ப்பாக்கம் என்பார்கள். அப்புறம் அவளை யார் கட்டிக்கொள்வார்கள்? அவள் தங்கையை யார் கட்டிக்கொள்வார்கள்? ஆகவே மறைக்கிறார்கள். மறைத்து எங்கே போகிறார்கள்? மந்திரவாதியிடம் போகிறார்கள், பேய் ஓட்டுகிறவனிடம் போகிறார்கள், குணசீலத்துக்குப் போகிறார்கள், ஏர்வாடிக்குப் போகிறார்கள். கோயிலுக்குப் போனால் புண்ணியம், ஆஸ்பத்திரிக்குப் போனால் அவமானம்! இந்த விஷயத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் கிடையாது. எல்லாச் சாமிக்கும் பங்கு உண்டு.

ஏர்வாடியில் தர்காவைச் சுற்றிலும் அப்போது தனியார் விடுதிகள் இருந்தன. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட விடுதி ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடவில்லை. ஏன்? காலில் சங்கிலி. கட்டிப் போட்டிருந்தவர்களில் 28 பேர் வெந்து செத்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட தாய் தகப்பன்மார் கொடியவர்கள் அல்ல. பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். ஊர் சிரிக்குமே என்ற பயத்தில் ஆஸ்பத்திரியைத் தாண்டி அவ்வளவு தூரம் போனவர்கள் அவர்களில் எத்தனை பேரோ!

அந்தச் சாவுக்குப் பிறகும் நமக்குப் புத்தி வந்ததா? ஏர்வாடி என்பதையும் ஒரு கேலிப் பேராக்கிக்கொண்டோம். 28 பிணத்தின் மேல் நின்று சிரிக்கிறோம்.

இப்போது சட்டம் வந்திருக்கிறது. 2017-இல் இயற்றிய மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு, மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. ஆனால் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வைப் பார்த்தால், மனநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை, நோய்க்குத் தக்கபடி, சிகிச்சையே பெறவில்லை. டாக்டர் போதவில்லை என்பது ஒரு காரணம். பணம் இல்லை என்பது ஒரு காரணம். வெட்கம் என்பதும் ஒரு காரணம். முதல் இரண்டுக்கும் சர்க்காரைக் கேட்கவேண்டும். மூன்றாவதை நாம் இலவசமாக உற்பத்தி செய்து ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தோழர்களே! மல்லாட்டையை விட்டுவிடச் சொல்லவில்லை, பரங்கிக்காயையும் விடவேண்டாம். மனிதன் மேல் எறிகிற ஊர்ப் பேர்களை மட்டும் கீழே போட்டுவிடுங்கள். வாத்தியார்களாக இருக்கிறவர்கள் இதை நாளைக்கே செய்யலாம், செலவு ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது மனத்தில் தொந்தரவு இருந்தால், மந்திரவாதிக்குக் கோழி வாங்குகிற காசில் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுங்கள். போக முடியாவிட்டால் டெலிபோனில் கேளுங்கள். 2022 அக்டோபர் 10-ந் தேதி முதல் டெலிமானஸ் என்று ஓர் ஏற்பாடு நடக்கிறது. நம்பர் 14416. இரவும் பகலும் பேசலாம், காசு கிடையாது. தாய்மார்கள் இந்த நம்பரைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டாலும் சரி.

யாராவது வழியில் நிறுத்தி, "எங்கே, கீழ்ப்பாக்கமா?" என்று சிரித்தால், ஆமாம், ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

தலைவர் மணியைக் காட்டுகிறார். நான் சொன்னதில் சந்தேகம் உள்ளவர்கள், ஒப்புக்கொள்ளாதவர்கள், கேள்விகளைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினால் இருந்து பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.